அம்மாவைத் திட்டிவிட்டேன், ஜெபிக்க வாய் வரவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 44 வயது, கல்யாணம் ஆகவில்லை. பாளையங்கோட்டையில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்கு மறதி நோய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன்கள் இருவரும் சென்னையில். மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். சாயங்காலம் ஆனால் அம்மா "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு ஓடுவார்கள். ராத்திரி நான்கு தடவை எழுப்புவார்கள். கம்மலை நான் திருடிவிட்டதாக அடுத்த வீட்டாரிடம் போய்ச் சொல்கிறார்கள். போன வாரம் பொறுக்க முடியாமல் "செத்துத் தொலைங்களேன்" என்று கத்திவிட்டேன். அம்மா குழந்தை மாதிரி அழுதார்கள். அன்றிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. "தாயைக் கனம்பண்ணுவது வாக்குத்தத்தமுள்ள கற்பனை (தேவ கட்டளை), சிலுவையைச் சந்தோஷமாகச் சும" என்கிறார்கள் சபையில். சந்தோஷம் வரவில்லையே. நான் கீழ்ப்படியாதவளா?

அன்புச் சகோதரிக்கு,

ஆறு வருஷமாக ராத்திரி எழுந்து எழுந்து அம்மாவைப் பார்க்கிறீர்கள். உங்களைக் கீழ்ப்படியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுக்குத் தூக்கம் இல்லை. முதலில் அதைப் பார்ப்போம்.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்டான். தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் படுக்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). பேச்சு எல்லாம் அப்புறம்தான்.

சாயங்காலத்தில் குழப்பம் கூடுவதும், பொருளைக் காணாமல் கூட இருப்பவரைச் சந்தேகப்படுவதும் இந்த நோயில் சகஜம். "இதுதான் உங்க வீடு" என்று வாதாட வேண்டாம். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிட்டு, அவர்கள் தேடும் அந்த வீட்டில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேளுங்கள். ராத்திரி விழிப்பை மருத்துவரிடம் சொல்லுங்கள். வலியோ, மூத்திரத் தொற்றோ, மாத்திரையோ காரணமாக இருக்கலாம். கத்தியதற்கு அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள். வார்த்தை அவர்களுக்கு மறந்துபோகலாம், பிடித்த கையின் ஆறுதல் கொஞ்ச நேரமாவது தங்கும்.

தாயைக் கனம்பண்ணும் அந்தக் கற்பனை உங்கள் அண்ணன்களுக்கும்தான். பணம் அனுப்புவது நல்லது, ஆனால் பணம் ராத்திரி எழுந்திருக்காது. இயேசு சிலுவையில் தொங்கும்போது தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். இன்னொருவர் கையில் பொறுப்பைக் கொடுப்பதும் கனம்பண்ணுவதுதான் என்று நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். "உதவி வேண்டும்" என்று அண்ணன்களிடம் பொதுவாகச் சொன்னால் நடக்காது. மே மாதம் பத்து நாள் இவர், கிறிஸ்துமஸ் கழித்துப் பத்து நாள் அவர் என்று தேதியைச் சொல்லுங்கள். ராத்திரிக்கு ஆள் வைக்கும் செலவையும் அவர்களிடமே கேளுங்கள். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கடமையை ஒரு பிள்ளையின் தலையில் மட்டும் வைக்கவில்லை. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது. சபையில் இரண்டு பேரிடம், வாரம் இரண்டு மணி நேரம் அம்மாவோடு உட்காரக் கேளுங்கள். யாரும் கேட்காததாலேயே வராமல் இருப்பவர்கள் உண்டு.

சந்தோஷம் வரவில்லை என்கிறீர்கள். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவுக்கும் வரவில்லை. பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி மூன்று தடவை கேட்டார், வியாகுலப்பட்டார். அவர் கீழ்ப்படிதல் அதனால் குறைந்துபோகவில்லை. ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். கடைசி வரிவரை இருட்டுதான் அதில். அதுவும் வேதத்தில் இருக்கிறது.

கை ஓங்கத் தோன்றினால் உடனே அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் போன் செய்யலாம். பெரிய அண்ணனிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். மத்தியானம் அம்மா கண் அசரும்போது துணி மடிக்காமல் நீங்களும் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.