ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் பராமரிப்பு எலக்ட்ரீஷியன் வேலை எப்படி இருக்கும்?

கேள்வி: அமெரிக்காவில் இதுவரை புதுக் கட்டட வயரிங் மட்டுமே செய்திருக்கிறேன். ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் பராமரிப்பு எலக்ட்ரீஷியனாகச் சேர நினைக்கிறேன். அன்றாட வேலை என்ன? புதிதாக வருபவர் எங்கே தடுக்கி விழுவார்?

பதில்:

புது வயர் இழுப்பது குறைந்துவிடும். எப்போதோ யாரோ இழுத்த வயர் எந்தச் சுவருக்குள் போய் எங்கே வெளியே வருகிறது என்று தேடுவதுதான் முக்கால்வாசி வேலை. 1950களில் கட்டிய பள்ளி, அதோடு ஒட்டிய 1990களின் விரிவாக்கம், மைதான ஓரமாக நாலைந்து போர்ட்டபிள் வகுப்பறைகள் என்று ஒரே வளாகத்தில் மூன்று காலத்து வயரிங் இருக்கும். பேனல் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலை நம்பி எதையும் தொடாதீர்கள். அறை எண்கள் மாறியிருக்கும், பட்டியல் மாறியிருக்காது.

மின்னழுத்தமும் கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. சிறியவற்றில் 120/208 வோல்ட். பெரியவற்றில் 277/480; அங்கே விளக்குகள் பெரும்பாலும் 277ல் ஓடும், பிளக் பாயின்ட்டுகளுக்கு டிரான்ஸ்பார்மர் வைத்து 120க்கு இறக்கியிருப்பார்கள். பழைய பள்ளிகளில் 120/240 டெல்டா என்கிற மூன்று பேஸ் இணைப்பும் எதிர்ப்படும். அதில் ஒரு பேஸ் மட்டும் நியூட்ரலுக்கு 208 வோல்ட் காட்டும். அந்த வயருக்கு ஆரஞ்சு அடையாளம் வேண்டும் என்பது விதி. ஒட்டிய டேப் உதிர்ந்துபோய், காலியாக இருக்கிற இடம்தானே என்று அதில் 120 வோல்ட் சர்க்கியூட்டை ஏற்றினால் அந்த வரிசையில் இருப்பதெல்லாம் புகைந்துவிடும். முதல் தடவை திறக்கிற எந்தப் பேனலிலும் ஒவ்வொரு பேஸையும் நியூட்ரலோடு வைத்து அளந்த பிறகுதான் அடுத்த வேலை.

புதுக் கட்டடத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம் அடிபடுவது பொது நியூட்ரலில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்க்க இதைவிடச் சாதாரணமான வேலை கிடையாது. ஒரு வகுப்பறையில் பிளக் பாயின்ட் வேலை செய்யவில்லை என்று ஒரு ஒர்க் ஆர்டர் வருகிறது. அந்த 20 ஆம்ப் பிரேக்கரை இறக்குகிறீர்கள், டெஸ்டர் மின்சாரம் இல்லை என்கிறது. பிளக்கை வெளியே இழுத்தால் அதன் வெள்ளி நிறத் திருகுகள் இரண்டிலும் ஆளுக்கொரு வெள்ளை வயர். அந்த நியூட்ரல் உங்கள் சர்க்கியூட்டுக்கு மட்டும் உரியதல்ல. மூன்று பேஸுக்கும் ஒரே நியூட்ரல் போட்டு மூன்று அறைகளுக்கு இழுத்திருப்பார்கள், அது இந்தத் திருகுகள் வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போகிறது. நீங்கள் கழற்றியதும் மற்ற இரண்டு சர்க்கியூட்டும் நியூட்ரல் இல்லாமல் ஒன்றோடொன்று தொடராகி 208 வோல்ட்டுக்கு நடுவே நிற்கும். ஒன்றில் 1,200 வாட் ஹீட்டர், மற்றதில் 150 வாட் புரொஜெக்டர் என்றால், புரொஜெக்டருக்கு 120க்குப் பதில் ஏறக்குறைய 185 வோல்ட் போகும். சுமை குறைந்த சாதனம்தான் எப்போதும் சாகும். அதோடு, கையில் பிடித்திருக்கிற வெள்ளை வயரில் அடுத்த அறைப் பக்கமிருந்து மின்சாரம் வந்து நிற்கும், பிரேக்கர் இறங்கியிருந்தாலும். 277/480 விளக்குச் சர்க்கியூட்டில் இதே தவறு நடந்தால் நடுவே நிற்பது 480.

வெள்ளை வயரைத் தொடும் முன் அதில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். கரண்ட் ஓடினால் அது பொது நியூட்ரல். சுழியம் காட்டினால் மட்டும் போதாது, அடுத்த அறைகளில் அந்த நேரம் எதுவும் ஓடாமல் இருந்தாலும் சுழியம்தான் வரும். பேனலைத் திறந்து, அந்த வெள்ளை வயர் எந்தக் கான்டூயிட்டிலிருந்து வருகிறது, அதோடு எத்தனை பேஸ் வயர்கள் வருகின்றன என்று பார்த்து அத்தனை பிரேக்கரையும் இறக்கிப் பூட்டுங்கள். திரும்பப் பொருத்தும்போது இரண்டு வெள்ளை வயரையும் ஒரு துண்டு வயரோடு சேர்த்து முறுக்கி, அந்தத் துண்டை மட்டும் பிளக்கில் கொடுங்கள். அடுத்து வருகிறவர் பிளக்கைக் கழற்றினாலும் நியூட்ரல் அறுபடாது. இப்படிப் பொது நியூட்ரல் உள்ள பிரேக்கர்கள் ஒன்றாகவே இறங்க வேண்டும் என்று அமெரிக்க மின் வயரிங் விதித்தொகுப்பான என்.இ.சி.யின் 2008 பதிப்பு சொல்லிவிட்டது. பழைய பேனலில் பிரேக்கர் கைப்பிடிகளைச் சேர்த்துக் கட்டும் இணைப்புக் கம்பி இருக்காது, கையோடு போட்டுவிடுங்கள்.

பிரேக்கரை இறக்கினால் பூட்டும் சீட்டும் கட்டாயம், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். விளக்கு எரியவில்லையே என்று யாராவது நல்ல மனதோடு போய் பிரேக்கரை ஏற்றிவிடுவது பள்ளியில் எளிதாக நடக்கிற ஆபத்து. இதில் இன்னொன்றும் உண்டு. மாநில, உள்ளாட்சி ஊழியர்களுக்கு வேலையிடப் பாதுகாப்புக்கான மத்திய ஓஷா சட்டம் பொருந்தாது. மாநிலமே தனித் திட்டம் வைத்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஆகவே உங்கள் டிஸ்ட்ரிக்ட் ரப்பர் கையுறைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புகிறதா, பேனல்களில் ஆர்க் ஃபிளாஷ் (மின்பொறி வெடிப்பு) ஆபத்தைச் சொல்லும் ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளக்கு வேலை தினமும் உண்டு. டி8 ட்யூப்லைட்டை எல்.இ.டி. ட்யூபாக மாற்றுவது எளிது என்பார்கள், கெடுவதும் அதில்தான். ஏ வகை ட்யூப் இருக்கிற பாலாஸ்டிலேயே (ட்யூப்லைட் சோக்) எரியும். பி வகைக்குப் பாலாஸ்டைத் தூக்கிவிட்டு நேரடி மின்சாரம் கொடுக்க வேண்டும். சி வகைக்குத் தனி டிரைவர். பி வகையில் ஒரே முனையில் பேஸும் நியூட்ரலும் வாங்குகிற ட்யூப் என்றால் ஹோல்டரைப் பாருங்கள். இன்ஸ்டன்ட் ஸ்டார்ட் பாலாஸ்டோடு வந்த ஹோல்டரில் இரண்டு தொடுமுனைகளும் உள்ளுக்குள்ளேயே இணைந்திருக்கும். அதில் பேஸையும் நியூட்ரலையும் கொடுத்தால் ஸ்விட்ச் போட்ட கணமே ஷார்ட். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வயரைக் கழற்றிய ஹோல்டரின் இரண்டு தொடுமுனையிலும் மீட்டரின் கன்டினியூட்டியை வைத்துப் பாருங்கள், பீப் வந்தால் ஹோல்டரை மாற்ற வேண்டும். முடித்ததும் பிட்டிங்குக்குள் என்ன ட்யூப் போட வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரே பள்ளியில் ஏ வகையையும் பி வகையையும் கலப்பதை நான் சரி என்று சொல்லவே மாட்டேன்.

கழற்றுகிற பாலாஸ்ட் 1979க்கு முந்தையதாக இருக்கலாம். பி.சி.பி. என்கிற நச்சு ரசாயனம் இல்லை என்று அதன் மேல் அச்சிட்டிருக்கவில்லை என்றால் இருப்பதாகவே வைத்துக்கொண்டு தனியாகச் சேர்த்து வையுங்கள். எண்ணெய் கசிந்திருந்தால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பழைய ட்யூப்களில் பாதரசம் இருக்கிறது, அவையும் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது.

சீலிங்குக்கு மேல் ஏறுமுன் ஆஸ்பெஸ்டாஸ் பதிவேட்டைப் பாருங்கள். பள்ளிகளில் ஆஸ்பெஸ்டாஸைக் கையாள 1986ல் வந்த ஆஹேரா சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் அது இருக்க வேண்டும். பராமரிப்பு ஊழியருக்கு 2 மணி நேர விழிப்புணர்வுப் பயிற்சி கட்டாயம். அந்தப் பொருளைக் கிளறும் வேலை என்றால் இன்னும் 14 மணி நேரம். பயிற்சி இல்லாமல் பழைய குழாய் உறையிலோ தரை டைலிலோ துளை போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தத் தூசியைச் சுவாசிக்கப் போவது நீங்கள் மட்டுமல்ல, மறுநாள் காலை அந்த அறையில் உட்காரும் பிள்ளைகளும்தான்.

கூரை மேல் ஏசி யூனிட் புகார்கள் பள்ளி திறக்கிற ஆகஸ்டில் குவியும். மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை என்றால் மூன்று பேஸில் ஒன்று போயிருக்கும். ப்யூஸின் வெளிவரும் பக்கத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். மோட்டார் சுற்று வழியாகத் திரும்பி வருகிற மின்னழுத்தம் ஏமாற்றிவிடும். டிஸ்கனெக்டை இறக்கி, ப்யூஸைக் கழற்றி ஓம்ஸில் பாருங்கள். மாற்றும்போது மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், மற்ற இரண்டும் அதிக கரண்டைச் சுமந்து களைத்திருக்கும். பிறகு கான்டாக்டர் முனைகளையும் மோட்டார் கிரவுண்டாகியிருக்கிறதா (உள் வயர் அதன் உடலோடு ஒட்டியிருக்கிறதா) என்பதையும் பார்க்காமல் கீழே இறங்க வேண்டாம்.

277/480ல் 1,000 ஆம்ப்போ அதற்கு மேலோ உள்ள மெயினில், கிரவுண்டுக்கு மின்சாரம் கசிந்தால் வெட்டுகிற கிரவுண்டு ஃபால்ட் பாதுகாப்பு இருக்கும். எங்கோ ஒரு சமையலறை ஹீட்டரோ விளக்கு வயரோ கிரவுண்டாகி, கிளை பிரேக்கர் அசையாமல் மெயின் மட்டும் விழுந்து பள்ளி முழுக்க இருட்டாகும். அந்த நேரத்தில் எல்லாரும் அவசரப்படுத்துவார்கள். ஃபீடர்களை இறக்கி ஒவ்வொன்றாக மெக்கர் (வயர் காப்பைச் சோதிக்கும் மீட்டர்) போடாமல் மெயினை ஏற்றாதீர்கள்.

அவசர விளக்குகளை மாதம் ஒருமுறை 30 விநாடி, வருடம் ஒருமுறை 90 நிமிடம் சோதித்து எழுதி வைக்க வேண்டும். 90 நிமிடச் சோதனையை விடுமுறையின் முதல் நாளில் வையுங்கள், பேட்டரி திரும்ப ஏற நேரம் வேண்டும். ஃபயர் அலாரம் பேனலில் கை வைக்குமுன் கண்காணிப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சோதனை நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளிகளில் மாற்றுகிற பிளக் எல்லாம் குழந்தைகள் எதையும் நுழைக்க முடியாத மூடி வைத்த வகையாக இருக்கட்டும். 2017 பதிப்பிலிருந்து என்.இ.சி.யும் அதைத்தான் கேட்கிறது.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: அந்த மூடி வைத்த பிளக் 10, ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு வந்தால் தானே வெட்டும் பிளக்) 4, டிஸ்ட்ரிக்ட்டில் உள்ள ஒவ்வொரு பேனல் வகைக்கும் 20 ஆம்ப் பிரேக்கர் இரண்டிரண்டு, 24 வோல்ட் 40 வி.ஏ. டிரான்ஸ்பார்மர் 2, 30 ஆம்ப் கான்டாக்டர் 2, வெளி விளக்குக்கு 120–277 போட்டோசெல் (இருட்டியதும் விளக்கைப் போடும் உணரி) 3, சர்க்கியூட் டிரேசர், லேபிள் அச்சிடும் கருவி. கேட்-3 600 வோல்ட் என்கிற பாதுகாப்புத் தரத்துக்குக் குறைந்த மீட்டர் வேண்டாம்.

கூலி பெரும்பாலும் யூனியன் கட்டுமான வேலையைவிடக் குறைவு. காப்பீடு, மாநில ஓய்வூதியம், ஆண்டு முழுக்க வேலை என்பதில் ஈடாகும். பேனல் மாற்றம் போன்ற பெரிய வேலைகள் கோடை விடுமுறையில்தான், அப்போது லீவு கேட்பது கடினம். கைரேகைச் சோதனை நிச்சயம் உண்டு. லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் ஜர்னிமேன் (பயிற்சி முடித்த எலக்ட்ரீஷியன்) லைசென்ஸுக்கு 8,000 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: எத்தனை கட்டடத்துக்கு எத்தனை எலக்ட்ரீஷியன், கட்டட வரைபடங்கள் எங்கே இருக்கின்றன, மின்சாரம் ஓடுகிற பேனலில் தனி ஆளாக வேலை செய்யச் சொல்வீர்களா?