ஓவர்க்ளாக் செய்தால் ப்ராசஸரின் ஆயுள் குறையுமா?

கேள்வி: சார், ஓவர்க்ளாக் செய்தால் ப்ராசஸர் சீக்கிரம் போய்விடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பாதி உண்மை. ஓவர்க்ளாக் என்றால், தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ப்ராசஸரை ஓட்டுவது. வோல்டேஜைத் தொடாமல் கிளாக் வேகத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றினால் ஆயுள் பெரிதாகக் குறையாது. ஆனால் ஓரளவுக்கு மேல் வேகம் வேண்டுமென்றால் வோல்டேஜையும் ஏற்றித்தான் ஆக வேண்டும். வினையே அங்கேதான். ப்ராசஸர் இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். வோல்டேஜ் ஏறினாலோ அதன் வர்க்க விகிதத்தில் கூடும். 4 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்க, 1.2 வோல்ட்டை 1.35 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். கிடைக்கும் வேகம் 10 சதவீதம். கூடுகிற சூடு ஏறக்குறைய 40 சதவீதம்.

கேள்வி: உள்ளே அசையும் பாகமே இல்லையே, என்னதான் தேய்கிறது?

கம்பிகள்தான். மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்கள் செம்பு அணுக்களைத் துளித்துளியாகத் தள்ளிக்கொண்டே போகும். ஆற்று நீர் கரையை அரிப்பது போல ஒரு பக்கம் பள்ளம் விழும், இன்னொரு பக்கம் மேடு தட்டும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்பது இதுதான். 1960களின் கடைசியில் ஜேம்ஸ் பிளாக் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். மின்னோட்டத்தின் அடர்த்தி கூடக் கூட ஆயுள் குறையும். வெப்பநிலை ஏறினால் இன்னும் மளமளவென்று குறையும். அப்புறம், டிரான்சிஸ்டரின் கேட் (அதைத் திறந்து மூடும் முனை) அடியில் உள்ள மெல்லிய மின்காப்புப் படலமும் கூடுதல் வோல்டேஜில் மெல்ல நலிந்துபோகும்.

கேள்வி: அண்ணா, மூன்று வருடமாக 4.6 கிகாஹெர்ட்ஸில் நன்றாக ஓடிய சிஸ்டம், இப்போது வீடியோ ரெண்டர் செய்தால் நீலத்திரை காட்டுகிறது. ரேம் மாற்றட்டுமா?

அவசரப்பட்டு ரேம் வாங்காதீர்கள். முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கிற அமைப்புத் திரையில்) எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்கு மாற்றி, அதே வீடியோவை ரெண்டர் செய்து பாருங்கள். அப்போது பிரச்சினை வரவில்லை என்றால், ப்ராசஸர் தேய்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

என் பழைய நான்கு கோர் ப்ராசஸருக்கும் இதேதான் நடந்தது. தொடக்கத்தில் 1.34 வோல்ட் போதுமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து அதே வேகத்துக்கு 1.37 கேட்டது. கொடுத்தேன். எட்டே மாதத்தில் 1.40 கேட்டது. தேய்ந்த சிப் கூடுதல் வோல்டேஜ் கேட்கும், கொடுத்தால் இன்னும் வேகமாகத் தேயும். அந்தச் சுழலில் நான் மாட்டியது போல நீங்களும் மாட்ட வேண்டாம். வோல்டேஜை ஏற்றாமல் வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். என் சிப் அப்படித்தான் இன்னும் நான்கு வருடம் உழைத்தது.

கேள்வி: எத்தனை வோல்ட் வரை பயமில்லை?

எல்லா சிப்புக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. 2002இல் வந்த இன்டெல்லின் நார்த்வுட் பென்டியம் 4க்கு 1.7 வோல்ட்டுக்கு மேல் கொடுத்த பலர், அது திடீரென்று செத்துப்போனதைப் பார்த்தார்கள். 2023இல் சில ரைசன் 7000 சிப்புகள் கருகியபோது, எஸ்ஓசி வோல்டேஜுக்கு (சிப்பில் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் வோல்டேஜ்) 1.3 என்று ஏஎம்டி வரம்பு கட்டியது. அதனால் உங்கள் தலைமுறை சிப்புக்கு என்ன வரம்பு என்று பாருங்கள். இன்னொன்று: வோல்டேஜை ஆட்டோவில் விட்டுவிட்டு வேகத்தை ஏற்றாதீர்கள். பல மதர்போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிடும்.

கேள்வி: நான் ஓவர்க்ளாக் செய்யவே இல்லை. இன்டெல் ஐ9 14900கே வைத்திருக்கிறேன். கவலை வேண்டாம்தானே?

பயாஸை அப்டேட் செய்தீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே செய்யுங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில, பயனர் எதையும் தொடாமலே அளவுக்கு மீறிய வோல்டேஜால் கெட்டன. 2024 ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும், ப்ராசஸருக்கான திருத்தம்), சிப்பை 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாமல் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியாது. இப்போதே கேம் அடிக்கடி கிராஷ் ஆகிறது என்றால் வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறது.

கேள்வி: கேம் ஆடும்போது 80 டிகிரி காட்டுகிறது. ஆபத்தா?

இல்லை, தாராளமாக ஆடுங்கள். இன்னும் குறைய வேண்டுமென்றால் ஹீட்சிங்க் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். அப்புறம் அண்டர்வோல்ட்டும் முயன்று பாருங்கள். 0.05 வோல்ட் குறைத்து, ஒரு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டி, தாங்கினால் அப்படியே விட்டுவிடலாம்.