தசமபாகம், சீட்டு, ஜாமீன்: மாதம் 74,000-ல் எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: நானும் மனைவியும் மார்த்தாண்டத்தில் வேலை பார்க்கிறோம். பிடித்தம் போக இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் ரூ.74,000 கைக்கு வருகிறது. அதில் என்னுடையது 48,000. தசமபாகம் (வரவில் பத்தில் ஒன்றாகக் கொடுக்கும் காணிக்கை) 7,400-ஐ முதலிலேயே எடுத்துவைத்துவிடுவோம். தனிநபர் கடன் பாக்கி 3,60,000 (16% வட்டி, இஎம்ஐ 12,660, இன்னும் 36 மாதம்). நகைக்கடன் 1,50,000 (10%). கிரெடிட் கார்டில் 85,000 நிற்கிறது, மாதம் 3.5% வட்டி, மினிமம் மட்டும் கட்டிவருகிறோம். மாதம் 5,000 வீதம் ஒரு லட்சம் ரூபாய் சீட்டில் 20-ல் 8 தவணை கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. வாடகை 9,000, வீட்டுச் செலவு 16,000, இரண்டு பிள்ளைகளின் பள்ளி 6,000, கரண்ட்-போன்-பெட்ரோல் 6,500, என் பெற்றோருக்கு 4,000. மைத்துனரின் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். டெர்ம் இன்ஷூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுப்பது விசுவாசக் குறைவு என்கிறார் சபையில் ஒருவர். குடும்ப நிதியை வேதத்தின்படி திட்டமிடுவது பற்றி எங்கள் சபை ஐக்கியக் குழுவில் 8 வாரம் படிக்கப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ல் தொடங்காதீர்கள். அங்கே தொடங்கும் வகுப்பு பெரும்பாலும் காணிக்கையைப் பேசியே முடிந்துவிடும். லூக்கா 14:28-ல் தொடங்குங்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறான். முதல் வாரம் ஒவ்வொரு குடும்பமும் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு வரட்டும். தொகையை வெளியே சொல்ல வேண்டாம்; வருமானத்தில் கடனுக்குப் போவது எத்தனை சதவீதம் என்பதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினால் போதும். தொகையைச் சொல்லச் சொன்னால் இரண்டாம் வாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். நகைக்கடன் வட்டி மாதம் 1,250. கார்டைத் தவிர எல்லாவற்றையும் கூட்டினால் 67,810, மீதி 6,190. அதில் கார்டு மினிமம் 5% என்றால் 4,250 போய், கையில் நிற்பது 1,940. இப்போது கார்டைப் பாருங்கள். 85,000-க்கு 3.5% வட்டி 2,975, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 535. நீங்கள் கட்டும் 4,250-ல் அசலில் குறைவது சுமார் 740 ரூபாய்தான். பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். கடன்வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற நீதிமொழிகள் 22:7-க்கு இதைவிட நல்ல உதாரணத்தை வகுப்பில் காட்ட முடியாது.

தீர்வு உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. அடுத்த ஏலத்தில் 15,000-ஐத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுத்தால் 85,000 கைக்கு வரும். அன்றே கார்டை முடித்துவிடுங்கள். கடைசிவரை காத்திருந்தாலும் கமிஷன் போகச் சுமார் 93,000 முதல் 95,000 வரைதான் கிடைக்கும் (பதிவு பெற்ற சீட்டில் கமிஷன் உச்சவரம்பு 7%). ஆக, முன்கூட்டி எடுப்பதால் இழப்பு 10,000-ஐத் தாண்டாது. கார்டை இப்படியே விட்டால் ஒரு வருடத்தில் வட்டியும் வரியுமாக 40,000 வரை போய்விடும். ஒன்று கவனம்: சீட்டு எடுத்தபின் மீதித் தவணைகளுக்குக் கம்பெனி ஜாமீன் கேட்கும். அதற்கு இன்னொரு சபை நண்பரை இழுக்காமல், எல்ஐசி பாலிசி இருந்தால் அதையோ இருவரின் சம்பளச் சான்றையோ ஏற்பார்களா என்று ஏலத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கார்டை முடித்தால் 7,400 தசமபாகம் உங்கள் வரவுசெலவில் சிரமமில்லாமல் அடங்கும். அதுவரை? லேவியராகமம் 27:30-32-ம் உபாகமம் 14:22-ம் விளைச்சலிலும் மந்தையிலும் பத்தில் ஒன்றைச் சொல்கின்றன. பிடித்தத்துக்கு முந்திய சம்பளத்திலா (கிராஸ்), கைக்கு வருவதிலா (நெட்) என்ற நம் வாக்குவாதத்துக்கு அங்கே விடை இல்லை. 1 கொரிந்தியர் 16:2 வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கச் சொல்கிறது. நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன்; அது நீங்கள் இருவரும் மனதில் நியமிக்க வேண்டியது. ஆனால் காணிக்கை கொடுத்துவிட்டு மளிகைக்குக் கார்டைத் தேய்த்தால், நீங்கள் கொடுத்தது ஆண்டுக்கு 42% வட்டிக்கு வாங்கிய பணம். பெற்றோருக்கான 4,000-ஐ மட்டும் காணிக்கைக்காகக் குறைக்காதீர்கள். கொர்பான், அதாவது காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடுவதை மாற்கு 7:11-ல் இயேசு கண்டித்தார்.

பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் தசமபாகம் அல்ல, எழுதாமல் விட்ட மற்றவைதான்: அசனம் (சபை விருந்து), கட்டட நிதிக்கு வாய்விட்டுச் சொன்ன தொகை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் உற்சாகத்தில் 3,000-க்கு எடுத்த வாழைக்குலை. பொருத்தனை செய்து செலுத்தாமற்போவதைவிடச் செய்யாமலிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. மாதம் 500 தனியே ஒதுக்கினால் வருடத்துக்கு 6,000. அதுவே உங்கள் ஏல வரம்பு.

ஜாமீன்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-ன்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். மைத்துனரிடம் கேட்டுத் தீராத பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. நீதிமொழிகள் 6:1-5 சொல்லும் வழி கூச்சம் பார்க்காமல் போய்க் கேட்பது, தூங்குவதற்கு முன்பே. நடைமுறையில்: கடன் பாக்கிக்கான ஸ்டேட்மென்ட்டை மைத்துனரிடம் வாங்குங்கள். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து (வருடத்துக்கு ஒருமுறை இலவசம்) தவணை தவறியிருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு ஜாமீன்தாரரையோ சொத்து அடமானத்தையோ கொடுத்து உங்களை விடுவிக்க வங்கியிடம் அவரை எழுத்துமூலம் கேட்கச் சொல்லுங்கள். வங்கி சம்மதிக்காமல் நீங்களாக விலக முடியாது.

இன்ஷூரன்ஸுக்கு வருகிறேன். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. பவுல் அங்கே பேசுவது விதவைகளின் பராமரிப்பு பற்றி. டெர்ம் பாலிசி செய்யும் வேலையும் அதுதான். உங்கள் சம்பளத்தின் 12 வருடத் தொகை சுமார் 69 லட்சம். கடன்களையும் சேர்த்து 75 லட்சத்துக்கு எடுங்கள். விண்ணப்பிக்கும்போதே திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1874-ன் கீழ் என்று குறித்து, மனைவியையும் பிள்ளைகளையும் பயனாளிகளாகப் போடுங்கள். அப்போதுதான் ஜாமீன் கடனுக்காக வங்கி அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. பாலிசி வந்தபின் இதைச் சேர்க்க முடியாது. பணம் திரும்பக் கிடைக்கும் எண்டோமென்ட் வகை வேண்டாம்.

கார்டு முடிந்தபின் மிஞ்சும் 6,190-ல் பிரீமியமும் பண்டிகை 500-ம் போக மீதி எல்லாம் அவசர நிதிக்கு, 50,000 சேரும்வரை. யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தான், ஆகவே 20% சேமிக்க வேண்டும் என்று சிலர் வகுப்பெடுப்பார்கள். ஆதியாகமம் 41:34 பார்வோன் ஏழு செழிப்பான வருடங்களில் தேசத்தில் வாங்கிய பங்கு, சம்பளக்காரருக்கான சூத்திரம் அல்ல. 50,000 சேர்ந்ததும் நகைக்கடன் அசலைக் குறையுங்கள். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பதில்தான் நகை வருடக்கணக்கில் திரும்பாமல் கிடக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் பேச்சு அதற்குப் பிறகு போதும்.

வகுப்பில் பாலிசி ஏஜென்ட் யாராவது இருந்தால், 8 வாரமும் விற்பனை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சபைக்காரர் என்ற ஒரே நம்பிக்கையில்தான் பதிவில்லாத சீட்டும் சங்கிலித் திட்டமும் பரவுகின்றன. பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான் (நீதிமொழிகள் 14:15) என்பதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்கலாம்.

கடைசி இரண்டு வாரம் உயிலுக்கு. எண்ணாகமம் 27-ல் மகன் இல்லாத செலொப்பியாத்தின் குமாரத்திகள் தகப்பன் சொத்தில் கேட்ட பங்கு உங்கள் மாவட்டத்துக்கு அந்நியமான கதை அல்ல. 1916-ன் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்கு எதுவும் இல்லை. நீங்கள் மாதம் 4,000 கொடுத்துவரும் இருவருக்கும் ஏதாவது போய்ச்சேர வேண்டுமென்றால் உயிலில் எழுதியே ஆக வேண்டும். இரண்டு சாட்சிகள் தேவை. பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவர் பங்கு செல்லாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் ஏதும் இருந்தால், அது திருமணத்தோடு ரத்தாகியிருக்கும், புதிதாக எழுதுங்கள்.