நடக்காத குழந்தையை வெளியே விளையாட விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம். வேலைக்குத் திரும்பியதிலிருந்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரெச்சில் விடுகிறேன். அங்கே தினமும் காலையில் எல்லாக் குழந்தைகளையும் வெளியே அழைத்துப் போகிறார்கள். நடக்கிற பிள்ளைகள் ஓடி விளையாடும்போது, நடக்காத குழந்தைகளையும் வேப்ப மரத்தடியில் பாய் விரித்து இறக்கி விடுகிறார்கள். இவள் பாயில் இருப்பதில்லை, மண்ணுக்குத் தவழ்ந்து போய்விடுகிறாள். முட்டியெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் வேப்பிலைக் காம்பு ஒன்றை வாயில் வைத்திருந்தாளாம். "நடக்கிற வரைக்கும் உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்" என்கிறார் என் மாமியார். சளி பிடிக்குமோ, வயிற்றில் பூச்சி வருமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது. கிரெச்சில் அப்படிச் சொல்லிவிடட்டுமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சொல்லாதீர்கள். அந்த கிரெச்சில் செய்வது நல்ல காரியம். அவள் தவழும் இடம் எப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் வெளியே விடுகிறார்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.

"நடக்கிற வரைக்கும்" என்பது கேட்பதற்கு ஏதோ கொஞ்ச நாள் போலத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆரோக்கியமான குழந்தைகளில் சில 8 மாதம் முடிந்ததுமே தனியாக நடக்கின்றன, சில 17 மாதம் தாண்டித்தான் நடக்கின்றன. இரண்டுமே இயல்பு. அப்படிப் பார்த்தால் உங்கள் மகள் இன்னும் 8 மாதம்கூட நான்கு சுவருக்குள் இருக்க நேரலாம். 9 மாதக் குழந்தைக்கு அது கிட்டத்தட்ட இதுவரை வாழ்ந்த வயசு முழுக்க!

நடக்கவே தெரியாத குழந்தை வெளியே போய் என்ன விளையாடப் போகிறது என்று கிளினிக்கில் பல பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். முதல் தடவை புல்லில் இறக்கிவிட்டால் நிறையக் குழந்தைகள் காலை மேலே தூக்கிக்கொள்ளும். புல் நுனி உள்ளங்காலில் படுவது அவ்வளவு புதுசு. உள்ளங்கையை வைத்து உடனே எடுத்துவிட்டு, விரலை விரித்துப் பார்க்கும். அப்புறம் ஒரே ஒரு விரலை மட்டும் மெதுவாக வைத்துப் பார்க்கும். நாலைந்து நாளில் அதே குழந்தை புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். வீட்டு டைல்ஸ் தரையில் இதற்கெல்லாம் வழி கிடையாது. அது எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. மண் தரையில் ஒரு சின்ன மேடு வந்தால்கூட, முட்டியை எங்கே ஊன்றுவது, எந்தக் கையில் பாரத்தைக் கொடுப்பது என்று குழந்தையின் உடம்பு ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தோளிலும் முதுகிலும் இடுப்பிலும் நடைக்கு வேண்டிய பலம் அப்படித்தான் சேர்கிறது. கண்ணுக்கும் வேலை கிடைக்கிறது. அறைக்குள் எந்தப் பக்கம் பார்த்தாலும் பத்தடியில் சுவர். வெளியே ஒரு காக்கை மதில் மேலிருந்து கிளம்பி மரத்துக்குப் போவதை, கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கடைசிவரை பார்க்க முடிகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும், ஒரு வயது ஆகாத குழந்தை தினமும் பல தடவை தரையில் விளையாட வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். தானாக நகரத் தெரியாத சின்னக் குழந்தையை, விழித்திருக்கும் நேரத்தில், நாளுக்கு மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் படுக்கவைக்க வேண்டும். பிள்ளைத்தமிழில் செங்கீரை என்று பாடுவார்களே, கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும் பருவம், அதற்கான பயிற்சி இது. இதை மரத்தடியில் விரித்த ஜமுக்காளத்திலும் தாராளமாகச் செய்யலாம். இன்னொன்றும் அதில் இருக்கிறது: ப்ராம், உயர நாற்காலி போன்றவற்றில் குழந்தையை ஒரே சமயத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்காரவைக்கக் கூடாது. பல காப்பகங்களில் "நாங்களும் பாப்பாக்களை வெளியே கூட்டிட்டுப் போறோமே" என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரிய பிள்ளைகள் ஓடியாட, சின்னதுகள் ப்ராமில் பெல்ட் போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். காற்று வாங்கியதாகச் சொல்லலாம், விளையாடியதாகச் சொல்ல முடியாது. நடைவண்டி என்று விற்கிறார்களே, உட்காரவைத்து உருளவிடும் வாக்கர், அதை வெளியே மட்டுமல்ல, எங்கேயும் பயன்படுத்த வேண்டாம். படியிலும் சரிவிலும் கவிழ்ந்து தலையில் அடிபடுவதால் கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நடையைச் சீக்கிரம் வரவைக்கவும் அது உதவாது.

சரி, மண்ணுக்கு வருவோம். உங்கள் மாமியார் பூச்சி என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். நாய், பூனை அசிங்கம் செய்த மண்ணிலும் புழு முட்டைகள் இருக்கும். அதனால் எல்லா மண்ணும் ஒன்றில்லை. சுற்றுச்சுவர் இருக்கிறதா, தெருநாய் உள்ளே வர வழி இருக்கிறதா, கழிவுநீர் அந்தப் பக்கம் ஓடுகிறதா, மணல் தொட்டி இருந்தால் இரவில் மூடி வைக்கிறார்களா என்று பாருங்கள். நாயின் கழிவில் வரும் உருளைப்புழு முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தினமும் காலையில் இடத்தைப் பார்த்துக் கூட்டிச் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி ஆபத்து போய்விடும். சுவரிலோ விளையாட்டுச் சாமான்களிலோ பழைய பெயிண்ட் உரிந்து விழுகிறதா என்பதையும் கவனியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தவழும் குழந்தையின் கை மண்ணிலிருந்து நேராக வாய்க்குத்தான் போகும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த ஒன்றை நான் புழுவைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ஏனென்றால் புழுவுக்கு மருந்து கொடுத்துவிடலாம், ஈயத்தால் வந்த பாதிப்பைத் திருப்ப முடியாது.

இடம் சுத்தமாக இருந்தால் முட்டியில் மண் ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உள்ளே வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட வேண்டும். சானிடைசர் மண்ணைப் போக்காது. லேசாகச் சிராய்த்தால் தண்ணீரும் சோப்பும் போதும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் பென்டாவேலன்ட் ஊசியை ஒழுங்காகப் போட்டிருந்தால் டெட்டனஸ் பயமும் வேண்டாம். குடற்புழு மருந்து ஒரு வயது முடிந்த பிறகுதான். அரசு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

"மண்ணில் விளையாடினால் எதிர்ப்புச் சக்தி வரும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பின்லாந்தில் சில காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையைக் கொண்டுவந்து பரப்பி, 28 நாள் குழந்தைகளை விளையாட விட்டார்கள். அவர்களின் தோலில் நல்ல நுண்ணுயிர்களின் வகை கூடியது, ரத்தத்தில் நோய் எதிர்ப்புக்கான சில அளவுகளும் நல்ல திசையில் மாறின என்று 2020-இல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு 3 முதல் 5 வயது. அதை வைத்து 9 மாதக் குழந்தைக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அவளை வெளியே விடுவதற்கு அந்தக் காரணம் தேவையும் இல்லை.

வாயில் போடும் விஷயம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. வேப்பிலைக் காம்பைச் சப்பியதால் ஒன்றும் ஆகாது, தொண்டையில் அடைக்காமல் பார்த்தால் போதும். (அதற்காக வேப்பெண்ணெய் நல்லது என்று யாரும் கைக்குழந்தையின் வாயில் விட்டுவிடாதீர்கள். வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.) புளியங்கொட்டை, சரளைக் கல், பாட்டில் மூடி, பெரிய பிள்ளைகள் சிந்திய வேர்க்கடலை, இவைதான் மூச்சுக்குழாயில் போய் அடைப்பவை. குழந்தைகளை இறக்கிவிடுவதற்கு முன் ஓர் ஆயா அந்த இடத்தில் தவழும் உயரத்துக்குக் குனிந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாது. அரளி, ஊமத்தை, குண்டுமணி இந்தச் செடிகள் வளாகத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது. அழகுக்காக மதில் ஓரம் அரளி வைத்திருக்கும் காப்பகங்கள் நம் ஊரில் நிறைய.

குழந்தை எதையாவது வாயில் போட்டால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுக்க வேண்டும். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடும். மூச்சு அடைத்து, அழவோ இருமவோ முடியவில்லை என்றால், குழந்தையைக் கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையா, மல்லாத்தி மார்பின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. வெளியே வரும் வரை இதையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தை நினைவிழந்துவிட்டால் உடனே சிபிஆர் (மார்பை அழுத்தி, வாய்வழி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். இதைச் செய்து காட்டத் தெரிந்த ஒருவர் வெளியே விடும் நேரத்தில் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், உங்களுக்கு அதற்கு எல்லா உரிமையும் உண்டு.

சளிக்கு வருவோம். காற்றுப் பட்டுச் சளி பிடிப்பதில்லை. சளி வைரஸால் வருகிறது, அந்த வைரஸ் ஜன்னல் சாத்திய அறைக்குள் பத்துக் குழந்தைகள் ஒன்றாக இருக்கும்போதுதான் சுலபமாகப் பரவுகிறது. காப்பகத்துக்குப் போகத் தொடங்கிய முதல் வருஷத்தில் குழந்தைகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். அதற்கு வேப்ப மரத்தடியைக் குற்றம் சொல்ல வேண்டாம். லேசாக மூக்கு ஒழுகினாலும், காய்ச்சல் இல்லாமல் நன்றாகப் பால் குடித்து விளையாடுகிறாள் என்றால் வெளியே விடலாம்.

வெயில் வேறு கதை. கைக்குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும், வேர்வையும் சரியாக வராது. காலை 10 மணிக்குள் அல்லது சாயங்காலம் 4 மணிக்கு மேல், அதுவும் நிழலில், மெல்லிய பருத்திச் சட்டையும் தொப்பியுமாக இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் முன்னதாகவே உள்ளே வந்துவிட வேண்டும். ரப்பர் பாய், செயற்கைப் புல், இரும்புச் சறுக்கு மரம் இவை வெயிலில் காய்ந்தால் முட்டியும் உள்ளங்கையும் வெந்துபோகும். ஆயா தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு இறக்கட்டும். ப்ராமில் தூங்கும் குழந்தைக்கு வெயில் படாமல் துண்டால் மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே காற்றே போகாமல் சூடு ஏறிவிடும், அதைச் செய்யக் கூடாது. உங்கள் மகளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பாலையே கூடுதல் தடவை கொடுக்க வேண்டும், தண்ணீர் வேண்டாம்.

காலை இளவெயிலில் காட்டினால் வைட்டமின் டி வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதை உண்டாக்கும் கதிர் அதிகாலையில் மிகக் குறைவு. அது நிறைய வரும் உச்சி வெயிலில் கைக்குழந்தையை வைக்க முடியாது. முதல் வருஷம் முழுக்க தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. நிறுத்தியிருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகம். அதாவது நாம் குழந்தையை வெளியே விடச் சொல்லும் அதே நேரத்தில். ஆகவே முழுக்கை, முழுக்கால் சட்டை போட்டு அனுப்புங்கள். வளாகத்தில் தண்ணீர் தேங்கிய பூந்தொட்டித் தட்டு, டயர், வாளி எதுவும் இருக்கக் கூடாது. வாளியைப் பற்றித் தனியாகவும் சொல்ல வேண்டும். பிடித்து எழுந்து நிற்கப் பழகும் குழந்தை வாளி விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், சில அங்குலத் தண்ணீரே போதும் மூழ்குவதற்கு, சத்தம்கூட வராது. வாளி எப்போதும் கவிழ்ந்தே இருக்கட்டும்.

நடக்காத குழந்தைகளின் பக்கத்தில் ஒரு பெரியவர் தரையில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் ஓடும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவராக இருந்தால் போதாது. மூன்று வயதுப் பையன் ஓடிவரும் வழியில் உங்கள் மகள் தவழக் கூடாது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு சின்னத் தடுப்பு இருந்தால் நல்லது. இது உங்கள் நிறுவனமே ஏற்பாடு செய்த கிரெச் என்றால், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கான சட்டத்தின்படி நாளுக்கு 4 தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வர உங்களுக்கு அனுமதி உண்டு. அதில் ஒன்றை வெளியே விடும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மாமியாரையும் அழைத்துப் போங்கள். பேத்தி மண்ணில் என்ன செய்கிறாள் என்று அவரும் பார்க்கட்டும்.

குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் பிரச்சினை இருந்த குழந்தை, இதயக் கோளாறு அல்லது எதிர்ப்புச் சக்திக் குறைபாடு உள்ள குழந்தை என்றால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். மற்றபடி, வெளியே இருந்து வந்தபின் குழந்தை துவண்டு கிடந்தால், உடம்பு அனலாய்க் கொதித்தால், சிறுநீர் போவது குறைந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். தோலில் புழு ஊர்ந்த தடம் போலச் சிவந்த கோடு வளைந்து வளைந்து போனாலும் காட்டுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. அப்படி ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் கிரெச்சுக்கும் உடனே சொல்லிவிடுங்கள், அந்த மணலை மாற்றியாக வேண்டும்.