மாறாத பக்கத்துக்கு மறுபடியும் உழைப்பதா?

கேள்வி: எங்கள் வலைச் செயலியில் கட்டுரைப் பக்கங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவுத்தளத்திலிருந்து புதிதாக உருவாகின்றன. அண்மையில், பக்கம் கடைசியாக மாறிய நேரத்தைப் பதிலோடு பிரவுசருக்குச் சொல்லும் லாஸ்ட்-மாடிஃபைட் தலைப்பைச் சேர்த்து, பக்கம் மாறாதபோது 304 (‘மாறவில்லை’ என்னும் குறியீடு) என்று மட்டும் பதில் அனுப்புமாறு செய்தோம். அனுப்பும் தரவின் அளவு குறைந்தது. சர்வரின் சுமை குறையவில்லை. சிலருக்குப் பழைய பக்கமே தெரிவதாகப் புகாரும் வருகிறது. காரணம் என்ன?

பதில்: சுமை குறையாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பக்கத்தை முழுவதும் தயாரித்து முடித்த பிறகே நேரத்தை ஒப்பிடுகிறீர்கள். பிரவுசர், தான் முன்பு பெற்ற மாற்ற நேரத்தை இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் தலைப்பில் திருப்பி அனுப்புகிறது. அந்த நேரத்தை, கட்டுரையின் மாற்ற நேரத்தை மட்டும் கேட்கும் சிறிய வினவல் ஒன்றால் முதலிலேயே சரிபார்த்து, மாற்றம் இல்லையெனில் அங்கேயே 304 அனுப்பி நிறுத்திவிட வேண்டும். கருத்துகளைத் திரட்டுவதும் வார்ப்புருவை (பக்கத்தின் பொது வடிவத்தை) நிரப்புவதும் அதன் பிறகு வரவேண்டிய வேலைகள்.

பழைய பக்கம் தெரிவதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய சிக்கல். ஒரு பக்கத்தின் மாற்ற நேரம் என்பது கட்டுரையின் நேரம் மட்டுமன்று. கருத்துகள், ஆசிரியர் குறிப்பு, வார்ப்புரு என அதில் சேரும் எல்லாவற்றிலும் கடைசியாக மாறியது எதுவோ அதன் நேரமே பக்கத்தின் நேரம். ஆனால் கருத்துகளின் நேரங்களில் பெரியதை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தால், நீக்கம் ஏமாற்றிவிடும். கடைசிக் கருத்தை நீக்கியதும் அந்தப் பெரிய நேரம் பின்னோக்கிச் செல்கிறது. பிரவுசர் வைத்திருக்கும் நேரமோ அதைவிடப் பிந்தியது. ஆகவே சர்வர் எதுவும் மாறவில்லை என்று முடிவுசெய்ய, நீக்கப்பட்ட கருத்து வாசகரின் திரையில் அப்படியே நிற்கிறது. கருத்து சேரும்போதும் திருத்தப்படும்போதும் நீக்கப்படும்போதும், அதே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் (எல்லா மாற்றமும் சேர்ந்தே நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) கட்டுரையின் மாற்ற நேரத்தையும் புதுப்பிப்பதே இதற்கு நம்பகமான வழி. முன்பு சொன்ன சிறிய வினவலும் அப்போது ஒரே வரிசையைப் படிப்பதோடு முடிந்துவிடும். வார்ப்புருவுக்கு, செயலியின் புதிய பதிப்பை நிறுவிய நேரத்தைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். சேமித்த பிரதியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் தலைப்பு அனுப்புகிறீர்களா? அனுப்பாவிட்டால், லாஸ்ட்-மாடிஃபைட் நேரத்தை வைத்துப் பிரவுசரே ஒரு காலக்கெடுவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மாறி எவ்வளவு காலமாயிற்றோ அதில் 10 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. 10 நாள்களுக்கு முன் மாறிய பக்கத்தை ஒரு நாள் முழுவதும் சர்வரைக் கேட்காமலேயே காட்டிவிடும். கேஷ்-கன்ட்ரோலில் நோ-கேஷ் என்று குறிப்பிட்டால், பிரதியைச் சேமித்து வைத்தாலும் பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்கும். உள்நுழைந்தவருக்கென்று உருவாகும் பக்கங்களில் பிரைவேட் என்பதையும் சேர்க்காவிட்டால், இடையிலுள்ள பொதுக் கேஷ் (பலருக்கும் பொதுவான பிரதிச் சேமிப்பகம்) ஒருவரின் பக்கத்தை மற்றவருக்குக் கொடுக்கும் அபாயம் உண்டு.

கேள்வி: ஒரே நொடிக்குள் இருமுறை மாறும் தரவுக்கும் இந்த முறை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இந்தத் தலைப்பில் எழுதப்படும் நேரம் ஜி.எம்.டி. கணக்கில் நொடிவரை மட்டுமே செல்லும். நொடியின் பின்னத்தை எழுத அதில் இடமில்லை. அத்தகைய தரவுக்கு, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒன்று கூடும் பதிப்பு எண்ணை ஈ-டேக் ஆக (பதிப்பை அடையாளம் காட்டும் தலைப்பாக) அனுப்புங்கள். இரண்டு தலைப்புகளையும் சேர்த்தே அனுப்பலாம்; பிரவுசர் இஃப்-நன்-மேட்ச் தலைப்பில் அந்த எண்ணைத் திருப்பி அனுப்பும்போது, சர்வர் அதை மட்டும் ஒப்பிட்டு நேரத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்பதே எச்.டி.டி.பி. விதி.