வெளுக்கும் ஹாமர் பவளம்: பதில்

வணக்கம். வீட்டுத் தொட்டியில் முல்லைத்தீவுக் கடல்நீர் விட்டு வைத்த ஹாமர் பவளம் (நுனி சுத்தியல் போலிருக்கும் உயிர்ப்பவளம்) வெளுக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டியும் விரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். சூடு கூடினால் பவளம் தன் சதைக்குள் இருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். அதுதான் அந்த வெள்ளை. அந்த நிலையில் கூடுதல் வெளிச்சம் இன்னும் கெடுதி. நீங்கள் சொன்ன 31 பாகை கிளிநொச்சி வெயிலுக்குப் புதினமில்லை, பவளத்துக்கு அதிகம். மூடியைக் கழற்றி, தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி சின்ன ஃபான் ஒன்றைப் பூட்டுங்கள். இரண்டு பாகையாவது இறங்கும்.

ஆவியாகிக் குறைவதற்குக் கிணற்றுத் தண்ணீர் விடவே விடாதீர்கள். கேத்தில் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு தொட்டியிலும் சேரும். வயற்கிணறென்றால் உரமும் சேரலாம். ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வில் வடித்து உப்பும் சுண்ணாம்பும் நீக்கிய நீர்) விடுங்கள், உப்புப் போடாமல். உப்பு ஆவியாவதில்லை.

மற்றது, மாரியில் வட்டுவாகல் பக்கம் அள்ளிய நீர் என்றால் எனக்குச் சந்தேகம்தான். நந்திக்கடல் களப்பு கடலோடு கலக்கிற நேரம் உப்பு குறைந்திருக்கும். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா பாருங்கள். குறைவென்றால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். சதை பழுப்புக் கூழாகக் கழன்றால் மட்டும் அந்தத் தலையை (பவளத்தின் அந்தக் கிளையை) வெட்டி எடுங்கள், இல்லாவிட்டால் மற்றத் தலைகளுக்கும் பரவும்.