சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ் (ஸ்க்லெரோடெர்மா என்றும் சொல்வார்கள்; தோலும் சில உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் நோய்) இருக்கும் அக்காவுக்கு விரல் மூட்டுகளில் வலியும் இறுக்கமும் இருக்கிறது. கூடவே முடக்குவாதமும் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) வந்துவிட்டதா?

வந்திருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அப்படி இருக்காது. எனக்கும் இதே நோய்தான், தோல் பரவலாகத் தடிக்கும் வகை. முதல் வருடம் முழுக்க நானும் இதே குழப்பத்தில் இருந்தேன்.

தொடக்கத்தில் விரல்கள் பூரித்தாற்போல வீங்கின, மோதிரம் கழற்ற முடியவில்லை. ராத்திரியில் உள்ளங்கை மரத்துப்போய் எழுந்து உட்காருவேன். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியதால் வந்தது அது என்று பிறகு தெரிந்தது. ரத்தத்தில் முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்றதும் முதலில் பார்த்த மருத்துவர் முடக்குவாதம் என்று எழுதிவிட்டார். முடக்குவாதம் இல்லாத ஸ்க்லெரோடெர்மாக்காரர்கள் பலருக்கும் அந்தப் பரிசோதனை பாசிட்டிவாக வரும். முடக்குவாதத்தை இன்னும் திட்டமாகக் காட்டும் ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்த்தால்தான் ஓரளவு தெளிவு கிடைக்கும். இரண்டு நோயும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

விரல் மடங்காமல் போவதற்கு மூட்டு மட்டும் காரணமில்லை. மேலே தோல் இறுகுகிறது. அதன் கீழே தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) சுற்றியுள்ள உறை தடிக்கிறது. அதற்கும் உள்ளே மூட்டுச் சவ்வு அழற்சியாகலாம். ஐரோப்பாவில் 7,000க்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், மூட்டுச் சவ்வு அழற்சி 16 சதவீதம் பேருக்கும், மூட்டு மடங்கியபடியே இறுகிப்போவது 31 சதவீதம் பேருக்கும் இருந்தது. வீக்கத்தைவிட இறுக்கம்தான் அதிகம். முடக்குவாதத்தை மனதில் வைத்துக்கொண்டு வீக்கத்தையே தேடினால் இதைத் தவறவிட்டுவிடுவோம்.

இன்னொன்று, அக்காவின் மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அந்த மூட்டை அசைக்கச் சொல்லுங்கள். புதுத் தோல் செருப்பு போல ஒரு கறகறப்பு கைக்குத் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது தசைநாண் உராய்வு. வலியே இல்லாமலும் இருக்கும். ஆனால் நோய் வேகமாகப் போகிறது, சிறுநீரகத்தையும் இதயத்தையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. எனக்குக் கணுக்காலில் இருந்தது. வயசாகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

சரி, மருந்து. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு போட்டால் இரண்டே நாளில் சுகமாகிவிடும், அதனால்தான் பயம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால், பரவலான வகை உள்ளவர்களுக்கு முதல் சில வருடங்களில் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி சிறுநீரகம் பழுதாகும் அபாயம் கூடுகிறது. எனக்கு முதலில் எழுதிக் கொடுத்தது 20. பிறகு பார்த்த மூட்டுவாத மருத்துவர் சீட்டைப் பார்த்ததும் முகம் மாறி, வீட்டில் பி.பி. கருவி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். படிப்படியாகக் குறைத்து, நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்துக்கு மாற்றினார். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சாதாரண வலி மாத்திரைகளும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாதவை என்பதால், கேட்காமல் போடக்கூடாது.

அப்புறம் பயிற்சி. வலி குறையட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். மடங்கி இறுகிய விரல் திரும்புவது ரொம்பக் கடினம். இப்போது தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து எடுத்து, ஒவ்வொரு விரலாக மெதுவாக நீட்டி மடக்குகிறேன். விரல் நுனியில் புண் இருக்கும் நாளில் தண்ணீர் வேண்டாம், பயிற்சி மட்டும். வாயும் இறுகும் என்பதால் வாயை அகலத் திறக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கையைக் கூப்பச் சொல்லி நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். முஷ்டி மடக்கினால் நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் எவ்வளவு தூரம் என்று ஸ்கேலில் அளந்து மாதாமாதம் எழுதி வையுங்கள். ‘கை பரவாயில்லையா’ என்று மருத்துவர் கேட்கும்போது காட்ட ஏதாவது இருக்கும். என் வலது கையில் 3 செ.மீ. இருந்தது, இப்போது 1. இடது மோதிரவிரல் மட்டும் அந்த எட்டு மாதத்தில் வளைந்த இடத்திலேயே நிற்கிறது.